உத்திரமேரூர் கல்வெட்டை வைத்து எவ்வளவு தூரம் பெருமை பேசலாம்?

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2024

"ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஓட்டுப் போட்டு ஊர்ச் சபையைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம். உத்திரமேரூர் கல்வெட்டே சாட்சி. ஜனநாயகம் வெள்ளைக்காரன் கொடுத்தது என்று இன்னும் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம் மரபே ஜனநாயகம்தான் என்று ஏன் யாரும் உரக்கச் சொல்வதில்லை?"

10 ஜூன் 2024

உரக்கச் சொல்லவில்லையா? 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே உத்திரமேரூரைப் பெயர் சொல்லிப் பேசினார். நம் பள்ளிக்கூடத்தில் "குடவோலை முறை குறிப்பு வரைக" என்று கேட்காத ஆண்டு உண்டா? தமிழ்நாட்டில் எந்தக் கட்சி மேடையிலும் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். எல்லோரும் சொல்கிறார்கள். சுவரை முழுக்கப் படித்தவர்கள்தான் குறைவு.

காஞ்சிபுரத்தில் வேலை பார்த்த காலத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும் உத்திரமேரூருக்குக் கூட்டிப்போவேன். வைகுண்டப் பெருமாள் கோயில். உள்ளே நுழைந்ததும் "இவ்வளவுதானா?" என்பார்கள். சின்னக் கோயில்தான். கல்வெட்டு வெளிச்சுவரில் வரிவரியாக ஓடுகிறது. சாய்வெயிலில் எழுத்து நன்றாகத் துலங்கும், உச்சிப்பொழுதில் போனால் வெறும் கீறல் மாதிரி இருக்கும். என் மாமா ஒருவர் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எங்கப்பா ஓட்டுப் பெட்டி இருக்கு?" என்று கேட்டார். சரியான கேள்வி. அதில் ஓட்டே இல்லை.

11 ஜூன் 2024

நேற்று பாதியில் விட்டது.

முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்று தொடங்குபவை. ஒன்று 919, அடுத்தது 921. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருக்கிறது (குடும்பு என்றால் நம் வார்டு). ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்புவாரியாக வாயோலை (மேலே அடையாளச் சீட்டு) கட்டி, குடத்தில் இடுகிறார்கள். சபை முழுக்கக் கூடியிருக்கும்போது நம்பிமாரில் (கோயில் பூசகர்களில்) மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுகிறார். "ஏதும் உருவறியாதான் ஒரு பாலனை" (ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை) விட்டு ஓர் ஓலையை எடுக்கச் சொல்கிறார்கள். அதை வாங்குகிற மத்தியஸ்தன் (நடுவர்) ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். அந்த விவரம் எனக்கு எப்போதும் பிடிக்கும். கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்திருப்பான் என்ற சந்தேகம் அன்றைக்கே இருந்திருக்கிறது பாருங்கள்.

அப்புறம் அவன் ஓலையைச் சத்தமாக வாசிக்க வேண்டும், அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும். இப்படித் தேர்வானவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம் (வாரியம் என்றால் குழு, இது ஆண்டுக் குழு), பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

ஆக, இது குலுக்கல். பழைய கிரேக்கத்து ஏதென்ஸிலும் பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கல்தான், அதனால் இதை மட்டம் தட்டச் சொல்லவில்லை. ஆனால் யாருக்கும் யாரையும் பிடித்ததா இல்லையா என்ற பேச்சே இங்கே இல்லை.

11 ஜூன் 2024, இரவு

குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதுதான் விஷயமே. கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் சொந்த வீடு, வேதம் படித்திருக்க வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள். (919-இல் 30-லிருந்து 60 வரை என்று இருந்தது. இரண்டே வருடத்தில் சட்டத் திருத்தம்!) விலக்கு ஒன்று உண்டு: ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரையும்) ஓதி விளக்க வல்லவனாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். படிப்புக்கு நிலத்தில் பாதி தள்ளுபடி.

ஊரின் பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர், அவர்களின் சபை. பெண்கள் கிடையாது. அந்த நிலத்தை உழுதவர்கள் கிடையாது. இரண்டு கூட்டத்திலும் அரசன் அனுப்பிய அதிகாரி உடனிருக்கிறார், 919-இல் வந்தவர் பெயர் தத்தனூர் மூவேந்தவேளான்.

எனவே கேள்வி கேட்ட நண்பருக்கு: "நாம்" ஓட்டுப் போடவில்லை. என் முன்னோர் அந்த ஊரில் இருந்திருந்தால் ஏரிக்கரையில் மண் சுமந்திருப்பார்கள். உங்கள் முன்னோர் யாரென்று எனக்குத் தெரியாது.

12 ஜூன் 2024

"குறை மட்டும் சொல்கிறீர்கள்" என்கிறார் ஒருவர். இல்லை ஐயா. எனக்கு மிகவும் பிடித்த பகுதியை இன்னும் சொல்லவே இல்லை.

யார் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது என்ற பட்டியலில் முதலில் நிற்பவர், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர். அவர் மட்டும் இல்லை. அவருடைய சிற்றவ்வை பேரவ்வை (சித்தி, பெரியம்மா) மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், மாமனார், மருமகன், மைத்துனன் என்று உறவுமுறை முழுவதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்குள் ஏற்கெனவே வாரியம் செய்தவரும் கூடாது.

இதை இன்றைக்கு அமல்படுத்தினால் எந்த மாநிலச் சட்டமன்றத்தில் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்) இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால் மேடையில் குடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், பாலனைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்த உறவுப் பட்டியலை எந்தக் கட்சித் தலைவரும் வாசித்து நான் கேட்டதில்லை. மரபிலிருந்து எடுத்துக்கொள்வதிலும் ஒரு குலுக்கல் உண்டு போல. ஆனால் அதில் கைவிடுகிறவர் ஏதும் உருவறியாத பாலன் இல்லை.

15 ஜூன் 2024

மேலே ஒருவர் கேட்டது: "பிரம்மதேய (பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர்) சபை மட்டுமா இருந்தது? ஊர், நகரம் எல்லாம் இருந்ததே?" இருந்தது. வெள்ளான்வகை (வேளாளர்) ஊர்களுக்கு "ஊர்", வணிகர்களுக்கு "நகரம்". அங்கேயும் கூடிப் பேசித்தான் முடிவெடுத்தார்கள், நிலம் விற்றார்கள், கோயிலுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அங்கேயும் பேசியவர் காணியாளர்தான், அதாவது நில உரிமை உள்ளவர். காணி இல்லாதவனுக்கு வாய் இல்லை.

உத்திரமேரூருக்கு நூறு ஆண்டுக்கும் முந்திய மானூர் சாசனம் ஒன்று உண்டு, திருநெல்வேலிப் பக்கம், பாண்டியர் காலம். சபையில் எதைச் சொன்னாலும் "அன்று, அன்று" (இல்லை, இல்லை) என்று குறுக்கே நின்று காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம். இந்த இழையில் அதை வசூலித்தால் நான்தான் முதல் பாக்கிதாரர்.

15 ஜூன் 2024

செங்கோல் பற்றிக் கேட்காதீர்கள். 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனம் நேருவிடம் கொடுத்தது, அலகாபாத் அருங்காட்சியகத்தில் கிடந்தது, 2023 மே 28 அன்று மக்களவையில் வைத்தார்கள். ஆட்சி மாற்றத்தின் சின்னமா, ஒரு மடம் கொடுத்த பரிசா என்று அப்போதே போதும் போதும் என்கிற அளவுக்குச் சண்டை போட்டாயிற்று. கோளறு பதிகம் பாடிய ஓதுவார் குரல் நன்றாக இருந்தது. மற்றபடி அரசன் கையில் இருப்பதை வைத்து மக்களாட்சியை விளக்குவது எனக்கு ஒத்துவரவில்லை. தாண்டிப் போகலாம்.

22 ஜூன் 2024

நேற்று கண்டதேவியில் தேர் ஓடியது. பதினேழு, பதினெட்டு வருடத்துக்குப் பிறகு.

வெளியூர்க்காரர்களுக்காக: கண்டதேவி தேவகோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில், சிவகங்கை சமஸ்தானம் தேவஸ்தானத்துக்குச் சேர்ந்தது. ஆனித் தேரோட்டம். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என்று நான்கு நாட்டார்கள் வடம் பிடிப்பது வழக்கம். 1998-இல் பட்டியல் சாதியினரும் வடம் பிடிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. தேர் நின்றது. நடுவில் சில வருடம் நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் காவலோடும் நகர்ந்தது. 2006-க்குப் பிறகு அதுவும் இல்லை. இந்த வருடம் உயர் நீதிமன்றம் கெடுபிடி செய்து, பிப்ரவரியில் வெள்ளோட்டம் விட்டு, நேற்றுதான் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்தது.

எங்கள் ஊர் அங்கிருந்து அதிக தூரமில்லை. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "தேர் ஓடுச்சா சித்தப்பா?" "ஓடுச்சுப்பா. காக்கிச்சட்டைக்கு நடுவுல சாமி போச்சு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "முன்ன மாதிரி இல்ல" என்றார். முன்னே எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் எனக்கும் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரியும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த தேர் நினைவிருக்கிறது. வடம் என் தொடைப் பருமன். சக்கரத்துக்குச் சன்னக்கட்டை போடுகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டே இருப்பேன், ஒரு நொடி தவறினால் கை போய்விடும். வெள்ளை வேட்டியும் துண்டுமாக வடம் பிடிக்கிறவர்கள் வரிசையில் யார் எங்கே நிற்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யார் அந்த வரிசையிலேயே இல்லை என்பது அந்த வயதில் என் கண்ணில் படவே இல்லை.

23 ஜூன் 2024

"இது கோயில் விவகாரம், ஜனநாயகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டவருக்கு.

நிறைய. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு வாக்காளர் பட்டியல் உண்டு. ஒன்று தேர்தல் ஆணையம் வெளியிடுவது. இன்னொன்று கோயில் வரிப் பட்டியல், நோட்டில் எழுதியிருப்பார்கள். தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கல்யாணமாகாதவன் கணக்கில் இல்லை. கணவன் செத்துவிட்டால் சில ஊரில் அரைத் தலைக்கட்டு, சில ஊரில் அதுவும் இல்லை. வரி கொடுத்தவனுக்குத்தான் கூட்டத்தில் பேச்சு, திருவிழாவில் காளாஞ்சி (கோயில் மரியாதை), செத்தால் கோயில் மாலை.

காலனிக்காரர்களிடம் வரி வாங்குவதில்லை. நினைத்துப் பாருங்கள், உலகம் முழுக்க வரி கட்ட மாட்டேன் என்றுதான் சண்டை. தென் மாவட்டத்தில் "எங்களிடமும் வரி வாங்குங்கள்" என்று தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடக்கிறது. பணம் மிச்சமாகிறதே என்று அப்பாவியாக ஒரு நண்பன் கேட்டான், சென்னைக்காரன். வரி வாங்கிவிட்டால் அவர்களும் கோயிலுக்குப் பாத்தியப்பட்டவர்கள் ஆகிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் வாங்குவதில்லை.

உத்திரமேரூரில் கால் வேலி இறைநிலம் (வரி கட்டும் நிலம்) என்று எழுதியதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நம் மரபில் சபை உண்டா என்றால் உண்டு, இன்றைக்கும் உண்டு. அதன் கதவில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் சண்டை. 1950-க்குப் பிறகு நடந்த அரசியலில் பாதி இந்தச் சண்டைதான் என்பேன்.

24 ஜூன் 2024

பாதி என்பது கொஞ்சம் மிகை. கால்வாசி.

2 ஜூலை 2024

பாப்பாபட்டி, கீரிப்பட்டி பற்றி இங்கே இருக்கிற இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மதுரை மாவட்டம். 1996-இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் இரண்டையும் சேர்த்து நான்கு ஊராட்சிகளில் பத்து ஆண்டு ஒழுங்காகத் தலைவர் இல்லை. யாரும் நிற்க மாட்டார்கள், நின்று ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006 அக்டோபரில்தான் முடிந்தது. மேலவளவில் நடந்தது இன்னும் கொடுமை: ஒதுக்கீட்டில் ஜெயித்த தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள்.

ஊர்க்காரர்கள் அப்போது சொன்ன காரணத்தில் மரபும் சேர்ந்தே வரும். தலைவர் என்றால் கண்மாய் மீன், புளியமரம் ஏலம், கோயில் பொது என்று எல்லாவற்றிலும் கைவைப்பாரே என்றார்கள். ஓட்டில் வரும் பதவியும் கோயிலில் வரும் மரியாதையும் ஊருக்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சட்டப் புத்தகத்தில்தான் தனித்தனி.

3 ஜூலை 2024

நேற்று எழுதியது கனமாகிவிட்டது. எங்கள் ஊர்க் கதை ஒன்று, சிரிக்கலாம், இல்லையென்றால் அழலாம்.

2019 உள்ளாட்சித் தேர்தல். கோயிலில் கும்பாபிஷேகத் திருப்பணி பாதியில் நிற்கிறது. மந்தையில் கூட்டம் போட்டார்கள். தலைவர் பதவியை ஏலம் விட்டார்கள். ஒரு தரம், இரண்டு தரம் எல்லாம் உண்டு, கண்மாய் மீனுக்கு எப்படியோ அப்படியே. எடுத்தவர் ஏலத்தொகையைத் திருப்பணிக்குக் கொடுத்துவிட வேண்டும், மற்றவர்கள் வேட்புமனுவைத் திரும்பப் பெற வேண்டும். போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்தாயிற்று. மாநிலத் தேர்தல் ஆணையம் இதெல்லாம் குற்றம் என்று எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது, வேறு மாவட்டங்களிலும் இதே செய்தி வந்துகொண்டுதான் இருந்தது.

நான் கோபமாகப் பேசியபோது சித்தப்பா சொன்னது: "ஓட்டுக்குக் குடுத்தா அது லஞ்சம். சாமிக்குக் குடுத்தா அதுவும் லஞ்சமாப்பா? கோபுரம் நிக்குதுல்ல." கோபுரம் நிற்கிறது, உண்மைதான். வர்ணம் பளிச்சென்று இருக்கிறது. அன்றைக்கு அவருக்கு என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்ல முடியும்: அந்த ஐந்து வருட ஓட்டு எங்கள் அத்தைக்கும் உண்டு, காலனியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. மந்தைக் கூட்டத்தில் அவர்கள் யாரும் இல்லை. தன்னுடையது இல்லாத ஒன்றை ஏலம் விட்டார்கள்.

19 ஜூலை 2024

ஜல்லிக்கட்டை ஏன் விட்டுவிட்டேன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். விடவில்லை, தயக்கம்.

2017 ஜனவரியில் நானும் மெரினாவில் இருந்தேன். அலைபேசி வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்த கூட்டத்தில் ஒருவன். கட்சிக்காரர்களை உள்ளே விடாமல், குப்பையைப் பொறுக்கி, பெண்கள் நடுராத்திரியில் பயமில்லாமல் உட்கார்ந்திருந்த கூட்டம் அது. கடைசி நாள் எப்படிக் கலைத்தார்கள் என்பது தனிக் கதை. மரபும் மக்களாட்சியும் கைகோத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் சட்டப்பக்கம் நடந்ததைப் பாருங்கள். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது இப்போது நடக்கும் வடிவம் மரபே இல்லை என்றது. 2017-இல் அவசரச் சட்டம், பிறகு சட்டத் திருத்தம். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. அதில் ஒரு முக்கியமான இடம் உண்டு: இது தமிழகப் பண்பாட்டு மரபா என்பதை ஆராய்ந்து சட்டமன்றமே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது, அதில் நாங்கள் கைவைக்கப் போவதில்லை என்ற பொருளில் சொன்னார்கள்.

அன்று எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். மறுநாள் வேறு மாதிரி தோன்றியது. எது மரபு என்று சட்டமன்றம் கைதூக்கி முடிவு செய்யலாம் என்றால், பெரும்பான்மையின் மரபு மட்டும்தானே தேறும்? கைதூக்க ஆளில்லாத சிறு கூட்டத்தின் சடங்கு என்னாகும்?

20 ஜூலை 2024

"அப்படியானால் நீதிபதிகள் முடிவு செய்யட்டுமா?" என்று மடக்குகிறார் நண்பர். அதுவும் சரிப்படாது. 2014-இல் அதைத்தானே செய்தார்கள், வாடிவாசலைப் பார்த்தே இராதவர்கள் எது மரபு என்று சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? சட்டமன்றம் பேசட்டும். பேசும்போது ஊருக்குள் வாடிவாசலை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பேசட்டும். கோயில் காளைக்குப் பிறகு முதலில் அவிழ்க்கப்படுவது யார் காளை, முதல் மரியாதை யாருக்கு என்பதில் ஒவ்வொரு தையிலும் வழக்கு வருகிறது. மெரினாவில் இருந்த எங்களுக்கு அந்தச் சண்டை தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

20 ஜூலை 2024

கண்ணகி சிலை நினைவிருக்கிறதா? 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து காணாமல் போனது. லாரி மோதியது என்றார்கள். 2006-இல் ஆட்சி மாறியது, ஜூன் மாதம் சிலை திரும்ப வந்து நின்றது. மதுரையை எரித்தவளுக்கே மெரினாவில் இடம் வேண்டும் என்றால் தேர்தல் முடிவு வர வேண்டியிருக்கிறது.

11 ஆகஸ்ட் 2024

சட்டமன்றம் மரபைத் தீர்மானிப்பது புதிதில்லை. எதிர்த்திசையில் முன்பே நடந்திருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் கடைசியில் சென்னை மாகாணச் சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிராக நின்றார். மரபைக் குலைக்கிறீர்கள் என்று எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1947-இல் சட்டம் வந்தது. சரியான சட்டம், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தப் பெண்கள் கையிலிருந்த ஆட்டம் எங்கே போயிற்று? 1936-இல் கலாக்ஷேத்ரா தொடங்கியது. பரதநாட்டியம் என்ற பெயரோடு நல்ல குடும்பத்துப் பெண்கள் கற்கும் கலையானது. பாலசரஸ்வதி மாதிரி ஒரு மேதை அந்தக் குலத்திலிருந்து வந்து கடைசிவரை தன் பாணியை விடாமல் ஆடினார். மற்ற வீடுகளில் பேத்திகளுக்கு ஆட்டத்தைச் சொல்லித்தரவே கூச்சம். கொடுமையை ஒழித்த சட்டம், கலையை வைத்திருந்தவர்களிடமே அதை விட்டுவைக்க வழி யோசிக்கவில்லை. அவர்களில் எத்தனை பேரிடம் அன்றைக்குக் கருத்துக் கேட்டிருப்பார்கள்? சிலர் எழுந்து பேசத்தான் செய்தார்கள், காது கொடுக்க ஆளில்லை.

இதை இங்கே ஏன் எழுதினேன் என்றால், மரபா ஜனநாயகமா என்று இரண்டு அணி பிரித்துப் பேசுவது எனக்கு அலுத்துவிட்டது.

1 செப்டம்பர் 2024

அம்பேத்கரை இழுத்து ஒருவர் என்னை மடக்கப் பார்த்தார்: "அவரே பழைய இந்தியாவில் குடியரசுகள் இருந்தன என்றார், நீங்கள் அவரை விடப் பெரியவரா?"

சொன்னார். 1949 நவம்பர் 25, அரசியல் நிர்ணய சபையில் பேசிய முக்கியமான உரையில். புத்த பிக்குகளின் சங்கத்தில் தீர்மானம், கோரம், வாக்கெடுப்பு எல்லாம் இருந்தன என்றார். அந்த முறையை இந்தியா இழந்துவிட்டது, இரண்டாவது முறையும் இழக்குமா என்பதுதான் அவர் கேள்வி. பெருமைப்படச் சொல்லவில்லை, பயந்து சொன்னார்.

அதே மனிதர் ஓராண்டுக்கு முன், 1948 நவம்பர் 4 அன்று, அதே சபையில் கிராமத்தைக் குறுகிய புத்தியின், அறியாமையின் இருப்பிடம் என்று வெளுத்து வாங்கினார். கிராமக் குடியரசு என்று உருகியவர்களுக்குக் கடும் கோபம். பிறகுதான் ஊராட்சிகளை அமைக்கச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 40-ஆவது உறுப்பு வந்து சேர்ந்தது. இரண்டு உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பழைமையில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பிக்கு சங்கத்தை எடுத்தார், கிராமத்தை விட்டார்.

நான் உத்திரமேரூரில் அந்தக் கணக்குக் காட்டாதவர் பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். கால் வேலியை விட்டுவிடுகிறேன். முடிந்தது.

2 செப்டம்பர் 2024

முடியவில்லை. "உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்தால் நீங்கள் திட்டுகிற மேடைப் பேச்சாளருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். நல்ல அடி. ஒன்றுதான் சொல்ல முடியும்: விட்டதையும் சொல்லிவிட்டு விடுகிறேன். சுவரில் அது இல்லவே இல்லை என்று நடிப்பதில்லை.

6 ஜனவரி 2025

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன், யாரோ மேலே தூக்கிவிட்டிருக்கிறார்கள். பொருத்தமான நேரம். நேற்றோடு 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் இல்லை. இனித் தனி அலுவலர் ஆட்சி.

இதுவும் முதல் தடவை இல்லை. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. மூன்று வருடம் கிராமத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளே இல்லை. ஒவ்வொரு தடவையும் வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று காரணம் ஏதாவது இருக்கும். 360 நாள் முடிந்தால் குடத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று கல்லில் வெட்டியதைப் பெருமையாகப் பேசுகிற மாநிலம் நாம். கேள்வி கேட்ட நண்பர் இன்னும் இங்கே இருந்தால், இதை உரக்கச் சொல்ல நானும் கூட வருகிறேன்.

28 ஜனவரி 2025

குடியரசு நாள் கிராம சபை எங்கள் ஊரிலும் நடந்தது. ஊருக்குப் போயிருந்ததால் நானும் போனேன். சமுதாயக்கூடம், பிளாஸ்டிக் நாற்காலி, முன்வரிசையில் நூறு நாள் வேலைப் பெண்கள். தலைவர் நாற்காலியில் யாரும் இல்லை. அலுவலர் ஒருவர் பொருள் வாசித்தார், குடிநீர், கொசு, வரி வசூல். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

காலனியிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து, 2019-இல் ஏலம் விட்ட பணத்துக்குக் கணக்கு எங்கே என்று கேட்டார். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு அலுவலர் நிதானமாகச் சொன்னார்: அப்படி ஒரு தொகை ஊராட்சி வரவில் இல்லை, அது கோயில் சம்பந்தப்பட்டது, இங்கே பதிவு செய்ய முடியாது.

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் சித்தப்பாவும் இன்னும் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். அதே கேள்வியை நான் கேட்டேன். நோட்டு வைத்திருக்கிறவர் பதில் சொன்னார்: "அது தலைவர் தேர்தல் பணம் தம்பி. கோயில் கணக்குல வராது. பஞ்சாயத்துல கேளுங்க."